அக்கா அழவைக்கக் கிளம்பினாள்

என் அக்கா "ஏங்க!" என்று ஆரம்பித்தாலே நாடே சிரிக்கும். தேசிய வானொலியின் மாலை நிகழ்ச்சியில் பல வருஷமாக அவள்தான் திட்டும் மனைவி. ஜோடியாக நடிக்கும் மீசைக்காரர் "இதோ வந்துட்டேன்மா!" என்று அலறுவார். அவ்வளவுதான், நேரில் பார்க்க வந்த அரங்கக் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். வீட்டிலும் அவளுக்கு அதே குரல்தான். என்ன, அவள் கணவர், அதாவது என் மாமா, எத்தனை தடவை கூப்பிட்டாலும் பேப்பரிலிருந்து தலையை எடுக்கமாட்டார்.

அன்று வழக்கமான நகைச்சுவைக்குப் பிறகு அவளுக்கு முதல்முறையாகச் சோக நாடகம். செத்துப்போன கணவன் பக்கத்தில் உட்கார்ந்து அழவேண்டும்.

"அரங்கத்துல ஒருத்தர் சிரிச்சாலும் போச்சு. அப்புறம் ஆயுசுக்கும் உங்களுக்கு நகைச்சுவைதான்" என்று இயக்குநர் கறாராகச் சொல்லிவிட்டார். அக்கா ஒரு வாரமாகக் கண்ணாடி முன் அழுது பழகினாள். ரேடியோவுக்கு எதற்குக் கண்ணாடி என்று கேட்டு நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தாளைப் புரட்டினால் மைக்கில் சரசரக்கும். அதனால் எங்கள் ஸ்டுடியோவில் தாள்களைக் கோத்த பின்னை எடுத்துவிட்டு, படித்து முடித்த தாளை ஒவ்வொன்றாகக் கம்பளத்தில் நழுவவிடுவார்கள். நகைச்சுவை முடிந்து, நான் ஆர்மோனியத்தோடு பாட்டுக்குழுவில் உட்கார்ந்திருந்தபோது, அக்கா பதற்றத்தில் நாடகத் தாள்களைக் கீழே போட்டுவிட்டாள். தரையில் கிடந்ததையெல்லாம் அவசரமாக அள்ளிக்கொண்டாள்.

நாடகத்தில் மீசைக்காரர் இரண்டு இருமலில் அருமையாகச் செத்தார். அக்கா விம்மினாள். தாளை நழுவவிட்டு, அடுத்ததைப் படித்தாள்.

"ஏங்க! கடைக்குப் போகச் சொன்னா இங்க என்ன தூக்கம்? எழுந்திரிங்க!"

அரங்கம் கொல்லென்று சிரித்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டார். அக்கா தாளைப் பார்த்தாள், சற்றுமுன் படித்துப் போட்ட நகைச்சுவைத் தாள். தரையைப் பார்த்தாள். நேரடி ஒலிபரப்பில் எங்கே போய்த் தேடுவது? கையில் இருந்த மற்றத் தாள்களையும் விட்டுவிட்டாள்.

"ஏங்க, உங்களத்தான். காதுல விழலயா?"

எல்லோரும் சிரித்தபடியே அந்த வழக்கமான பதிலுக்குக் காத்திருந்தார்கள். மீசைக்காரருக்கும் வாய் துறுதுறுத்தது, கையால் பொத்திக்கொண்டார். செத்தவர் எப்படிப் பேசுவார்?

"ஏங்க..." அக்காவின் குரல் இறங்கியது. "கடைக்கெல்லாம் போக வேணாம். வர்றேன்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லுங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நானும்தான்.

வெளியே வந்ததும் இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அடுத்த மாசமும் உங்களுக்குச் சோகந்தான். தாளுக்கு மட்டும் நம்பர் போட்டுக்குங்க" என்றார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. நான் கிண்டல் செய்ய வாயெடுப்பதற்குள் வரவேற்பறையில் தொலைபேசி அடித்தது. வீட்டிலிருந்து மாமா.

"என்னங்க, என்ன ஆச்சு?" என்று அக்கா பதறினாள்.

"ஒண்ணுமில்ல" என்றார் மாமா. பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. "ரேடியோவுல கூப்பிட்டியே, அதான்."