கடைத்தெருவிலிருந்து நடந்து வந்த எழுத்துகள்

"நீ வெளியே வந்து என்னத்தைப் பேசிக் கிழிக்கப்போற?" என்று அண்ணன் தங்கையிடம் கேட்டது, இருவரும் சேர்ந்து டிசைன் கடை தொடங்கிய முதல் வாரத்தில். அவள் வரைந்த எழுத்துகள் பெயர்ப்பலகைகளை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்து வரத் தொடங்கியது, அதற்குச் சில வருடங்கள் கழித்து.

முன்னறை அண்ணனுடையது. சுழல் நாற்காலி, கண்ணாடிக்கு அடியில் மாதிரி விசிட்டிங் கார்டுகள், வருகிறவர்களுக்கு மெத்தை வைத்த இருக்கை. பின்னறையில் துணி துவைக்கும் மெஷினுக்கும் கொடிக்கயிற்றுக்கும் நடுவே தங்கையின் கம்ப்யூட்டர் இருந்தது. ஒரு கடைக்குப் பலகை வரைவதற்கு முன் அவள் அந்தக் கடைக்கு எதிரே, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல் நின்று பார்த்துவிட்டு வருவாள். அவளை யாருக்கும் தெரியாது. எந்தக் கடைக்காரரும் லோகோவைப் பார்த்ததும், நல்லாயிருக்கு, இன்னும் கொஞ்சம் பெருசாப் போடுங்க என்றுதான் சொல்வார். அதனால் அவள் முதலிலேயே அளவைக் குறைத்துத்தான் வரைவாள். பெரிசாக்கிய பிறகு அது சரியான அளவில் வந்து நிற்கும். அண்ணன் அதையெல்லாம் போனில் படம் பிடித்துப் போட்டு, கை குலுக்கி, காப்பி வாங்கிக் கொடுத்து, ஆர்டரோடு வருவான். கார்டின் அடியில் தன் பெயரையும் போடச் சொல்லி அவள் கேட்டாள். அவள் கேட்டது அது ஒன்றைத்தான். "கம்பெனிக்கு ஒரு மூஞ்சி போதும். ஒரு மூஞ்சிக்கு ரெண்டு வாய் எதுக்கு?" என்றான் அண்ணன். கார்டு தீர்ந்து மறுபடி அச்சடித்த ஒவ்வொரு முறையும் அவனுக்கு அது மறந்துபோயிற்று.

முதலில் இறங்கியவை மருந்துக்கடையின் எழுத்துகள். யார் சார் வரைஞ்சது என்று யாரோ கேட்க, நான்தான் என்று அண்ணன் சொன்ன மதியம், அவை மழைநீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு இறங்கி, மதிலோரமாக நடந்து, லாரி ஒன்று போகும்வரை நின்று, சாலையைக் கடந்தன. புள்ளிகள் சின்னவை என்பதால் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தன. தங்கை ஜன்னலைச் சாத்தினாள். அவை மெஷினின் தண்ணீர் வெளியேறும் துவாரம் வழியாக நுழைந்து, ஈரத்தோடு கொடிக்கயிற்றில் வரிசையாக உட்கார்ந்துகொண்டன. அண்ணன் அவற்றைச் சாக்கில் அள்ளிக்கொண்டு போய் ஆணி அடித்துவிட்டு வந்தான். அவன் வருவதற்குள் அவை வந்திருந்தன. அதன் பிறகு செருப்புக்கடை, தையல்கடை, பல் டாக்டர். எந்தப் பலகையைத் தன்னுடையது என்று சொன்னானோ அந்தப் பலகை அன்றே காலியாயிற்று. விசிட்டிங் கார்டுகளும் வெளுத்துப்போக, வியாபாரிகள் ஒருவருக்கொருவர் வெள்ளை அட்டையை நீட்டிக்கொண்டார்கள்.

"நீ சொல்றத நிறுத்துண்ணா, அதுங்க வராது" என்றாள் தங்கை.

"வேற யாருன்னு சொல்லச் சொல்ற? துணி துவைக்கிற ரூம்ல ஒருத்தி இருக்கா, அவதான்னா? சிரிக்க மாட்டானுங்க?"

"சிரிக்கட்டும்."

"வாயைப் பாரு" என்றாள் அண்ணி. "இவளா பண்ற வேலைதாங்க இது. மருந்து மாயம் ஏதோ வெச்சிருக்கா."

வியாபாரிகள் சங்க ஆண்டுவிழாவில் அண்ணனுக்குக் கேடயம் கொடுத்தார்கள். மைக்கைப் பிடித்ததும் அவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இந்தத் தெருவுல இருக்கிற ஒவ்வொரு எழுத்தும் என் கையால வரைஞ்சது என்றான். கைதட்டல் அடங்குவதற்குள் கடைத்தெரு முழுவதும் மொட்டையாகிவிட்டது. கூட்டம் எழுத்துகளின் பின்னாலேயே வீட்டுக்கு வந்தது. யாரோ கல்லெறிந்து முன்னறை ஜன்னலை உடைத்தார்கள். அண்ணி பரப்பியிருந்த பேச்சை வைத்து, திருடி, சூனியக்காரி என்று கத்தினார்கள். உள்ளே அலமாரி, கட்டில், மெஷின் மேல் எல்லாம் எழுத்துகள், நடக்க இடமில்லை. தங்கை அவற்றை விலக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்து முதன்முறையாகச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள். 

"யார் வரைஞ்சதுன்னு சொல்லிட்டு எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள்.

"உங்கண்ணன்தான்" என்றார் மருந்துக்கடைக்காரர். எழுத்துகள் அசையவில்லை. அவர் வைதார், மேஜையைக் குத்தினார், போலீஸ் என்றார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "நீதாம்மா" என்றார். எழுத்துகள் ஒன்றும் செய்யவில்லை. "நீங்கதாம்மா" என்றார். அவை சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்து அவர் பின்னால் போயின. மற்றவர்களும் வரிசையில் நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல் அதைச் சொல்லி, தங்கள் எழுத்துகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். ஒருவரும் நன்றி சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

பொழுது சாய்ந்தபோது மிச்சமிருந்தவை அவர்களுடைய டிசைன் கடைப் பெயர்ப்பலகையின் எழுத்துகள் மட்டும். அவை வாசல்படியில் உட்கார்ந்திருந்தன. அவன் கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னறைச் சுவரோரம் நின்றான். "ஒரு வார்த்தைதானேங்க, சொல்லித் தொலைங்களேன்" என்றாள் அண்ணி. அவன் வாயைத் திறந்தான். வாயை மூடிக்கொண்டான். தங்கை அதற்குமேல் காத்திருக்கவில்லை. ஜன்னல் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளிவிட்டு, காலி அட்டை ஒன்றை எடுத்துத் தன் பெயரை எங்கே வைப்பது என்று பார்க்கத் தொடங்கினாள். அண்ணன் பைக் சாவியை எடுத்தான். படியில் இருந்த எழுத்துகள் ஓரமாக நகர்ந்து வழிவிட, இறங்கிப் போனான்.