அவள் முறை வருவதற்குள்

முனிராஜ் லிஃப்ட் மெக்கானிக். பெங்களூரில் அல்சூர் பக்கம் ஒரு பழைய அபார்ட்மெண்டின் உச்சியில், மெஷின் ரூமில் மோட்டாருக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. அவன் மகள் ஹர்ஷிதா ஒரு பையனின் கையைக் கடித்துவிட்டாள், உடனே வரவேண்டும் என்றார்கள்.

"மறுபடியுமா?" என்று கேட்டான். அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

ஜீவனஹள்ளியில் அவர்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி அந்தச் சின்ன இங்கிலீஷ் மீடியம் பள்ளி. ஹர்ஷிதா இரண்டாம் வகுப்பு. முனிராஜ் போய்ச் சேர்ந்தபோது தலைமையாசிரியை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் அழுகையும் இல்லை, பயமும் இல்லை. பெரிய வேலை ஒன்று முடிந்துவிட்டது போல நிம்மதியாக இருந்தாள். அந்த நிம்மதிதான் அவனுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

தலைமையாசிரியை ருக்மிணி மைசூர்க்காரர். தமிழ்ப் பெற்றோர்களிடம் தமிழிலேயே பேசுவார், நடுநடுவே கன்னடம் வந்து விழும்.

"நோடி முனிராஜ், முதல்ல ஒரு பையனைத் தள்ளிவிட்டா. அப்பறம் ஒரு பொண்ணோட டிராயிங்கைக் கிழிச்சா. இன்னிக்கு அச்யுத் கையில பல்லு பதிஞ்சிருக்கு. அவங்க அம்மா வந்து எவ்வளவு கலாட்டா தெரியுமா? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீங்க வேற ஸ்கூல் பாத்துக்கங்க. நானும் மத்த பிள்ளைங்களைப் பாக்கணுமில்ல?"

"வீட்ல அவ இப்படி இல்ல மேடம்" என்றான் முனிராஜ். எல்லா அப்பாக்களும் இதைத்தான் சொல்வார்கள் என்பது போல அவர் அவனைப் பார்த்தார்.

வீடு திரும்பும்போது பைக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தவளிடம் கேட்டான். "ஏன்டா கடிச்சே?"

"அவன் என் புக்கை இழுத்தான்."

"அதுக்குக் கடிப்பியா?"

பெட்ரோல் டேங்கில் விரலால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தாள்.

வீணா ராத்திரி ஏழு மணிக்கு மேல்தான் வீட்டுக்கு வருவாள். காக்ஸ் டவுனில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை. விஷயத்தைக் கேட்டதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"எல்லாம் அந்தப் புது மிஸ் வந்த பிறகுதான். தசரா லீவுக்கு முன்னாடி ஒரு கம்ப்ளெயிண்ட் உண்டா? அந்தம்மாவுக்கு இவளைக் கண்டாலே ஆகல, அதான். நல்லாப் படிக்கிற பிள்ளையை இப்படிக் கெட்ட பேரு வாங்க வைக்கிறாங்க."

நல்லாப் படிக்கிற பிள்ளை என்பதில் முனிராஜுக்கும் சந்தேகம் இருந்ததில்லை. தினமும் சாயங்காலம் ஹர்ஷிதா இங்கிலீஷ் புத்தகத்தைப் பிரித்து, வரிக்குக் கீழே விரலை ஓட்டி, பாட்டுப் போலக் கடகடவென்று படிப்பாள். கீழ் வீட்டு க்ளென் அங்கிள்கூட ஒருநாள் மாடிப்படியில் நின்று கேட்டுவிட்டு, "ஃபர்ஸ்ட் கிளாஸ்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். முனிராஜ் எட்டாவதோடு நிறுத்தியவன். மகளின் இங்கிலீஷைக் கேட்டால் அன்றைய அலுப்பு பாதி போய்விடும்.

மறுநாள் மத்தியானம் அந்தப் புது மிஸ்ஸே போன் செய்தார். பெயர் மௌரீன்.

"கம்ப்ளெயிண்ட் இல்ல, பயப்படாதீங்க. ஸ்கூல் விட்டப்பறம் ஒரு பத்து நிமிஷம் வர முடியுமா? ஹர்ஷிதாவைப் பத்திப் பேசணும்."

சண்டை போடுகிற மனநிலையோடுதான் போனான். காலியான வகுப்பறையில் மௌரீன் மிஸ் தரையில் கிடந்த பென்சில் சீவல்களைக் கூட்டிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தொட்டிருப்பார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவனுக்கு ஒரு நாற்காலியைக் காட்டினார்.

"ஒண்ணு கவனிச்சேன். தள்ளிவிட்டது, கிழிச்சது, கடிச்சது எல்லாமே ரீடிங் பீரியட்ல. மேக்ஸ்ல ஒரு தொந்தரவும் இல்ல. கேம்ஸ்லயும் இல்ல. ரீடிங்ல பிள்ளைங்க ஒவ்வொருத்தரா எழுந்து ஒரு பாரா படிப்பாங்க. இவ முறை வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் ஏதாவது நடக்குது. உடனே நானும் இவளை வெளிய அனுப்பிடறேன். அதனால அவ படிக்கவே வேண்டியதில்லாமப் போயிடுது."

பெஞ்சில் காலாட்டிக்கொண்டிருந்த மகளின் முகம் முனிராஜுக்கு நினைவு வந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

"மிஸ், அவ சூப்பராப் படிப்பா. தினம் நான் கேக்கறேன்."

"எந்த புக்?"

"இங்க குடுத்த இங்கிலீஷ் புக்தான்."

"மேல இருந்து ஆரம்பிச்சுப் படிப்பாளா?"

"ஆமா."

மௌரீன் மிஸ் தலையாட்டினார். "இன்னிக்கு நடுவுல ஒரு வார்த்தையைத் தொட்டு என்னன்னு கேட்டுப் பாருங்க. திட்டாம, சும்மா கேளுங்க. நான் நினைக்கறது தப்பா இருந்தா எனக்கு சந்தோஷம்."

அவனுக்குக் கோபம்தான் வந்தது. தன் பிள்ளைக்குப் படிக்கத் தெரியாது என்று இந்தம்மா சொல்லாமல் சொல்கிறார். வீணா சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான்.

சாயங்காலம் ஹர்ஷிதா வழக்கம்போலப் படித்தாள். ஒரு நாயும் பட்டமும் வருகிற பாடம், ஒரு தடங்கலும் இல்லை. முனிராஜ் பக்கத்தில் உட்கார்ந்து பக்கத்தின் நடுவில் ஒரு வார்த்தை மேல் விரலை வைத்தான்.

"இது என்னடா?"

அவள் அவன் விரலைப் பார்த்தாள். பிறகு முதல் வரிக்குப் போய் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தாள். அந்த இடத்துக்கு வந்ததும் "கைட்" என்றாள். அவன் தொட்டிருந்தது 'ட்ரீ'. அந்த அளவு இங்கிலீஷ் அவனுக்கே தெரியும்.

"சரி, இது?"

"க்ளென் அங்கிள் கூப்பிடறாரு" என்றாள். வெளியே யாரும் கூப்பிடவில்லை.

அவன் எழுந்து, வீணா எப்போதோ வாங்கி வைத்திருந்த, இன்னும் பிரிக்காத கதைப் புத்தகம் ஒன்றை எடுத்து அவள் மடியில் வைத்தான். அடுத்த நொடி அது பறந்து போய் ஃப்ரிட்ஜில் மோதி விழுந்தது. ஹர்ஷிதா கட்டிலுக்கு அடியில் புகுந்துவிட்டாள்.

முனிராஜின் கை உயர்ந்தது. திட்டாம கேளுங்க என்று அந்த மிஸ் சொன்னது காதில் ஒலிக்காமல் இருந்திருந்தால் அன்று அடித்திருப்பான். கையைக் கீழே விட்டான். தரையில் ஒருக்களித்துப் படுத்துக் கட்டிலுக்கு அடியில் பார்த்தான். சூட்கேஸுக்கும் அரிசி டப்பாவுக்கும் நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தாள்.

"அம்மு."

"போ."

"நான் போக மாட்டேன். எனக்கு இங்க ஜில்லுனு நல்லா இருக்கு."

பிறகு உள்ளேயிருந்து சின்னக் குரல் வந்தது.

"எல்லாருக்கும் வருது டாடி. எனக்கு மட்டும் எழுத்தே வரல."

"அப்பறம் எப்படி இவ்வளவு அழகா சொல்றே?"

"மத்தவங்க படிக்கறப்போ கேட்டுக்குவேன். மம்மி ஒரு தடவை படிச்சாலும் எனக்கு வந்துடும். ஆனா புது மிஸ் எந்தப் பாராவை எனக்குக் குடுப்பாங்கன்னு தெரியாது. தப்பா சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க."

பழைய மிஸ் இருந்தவரை எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரே குரலில் படிப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குள் இவள் யாருக்கும் தெரியாமல் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறாள். முனிராஜுக்கு, எத்தனையோ நாளாக உள்ளே இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று தளர்ந்தது போல இருந்தது. பிள்ளை கெட்டுப்போகவில்லை. யாரையும் வெறுத்து அவள் கடிக்கவில்லை. பயந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

"திட்டுவியா?"

"இல்லடா."

"மிஸ்கிட்ட சொல்லிடுவியா?"

"சொல்லட்டுமா?"

யோசித்தாள். "தனியா சொல்லு. கிளாஸ்ல சொல்லாதே."

வீணா வந்ததும் அவளிடம் சொன்னான். அவள் நம்பவில்லை. புத்தகத்தைத் தானே எடுத்துப் பார்த்தாள், பிறகு ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். "நான் ராத்திரி சப்பாத்தி போட்டுக்கிட்டே கேட்டேனே. பக்கத்துல போய்ப் பாக்கலையே" என்றாள். "நான் பக்கத்துலயே உக்காந்திருந்தும் கவனிக்கல" என்றான் அவன்.

மறுநாள் இருவரும் சேர்ந்து போனார்கள். மௌரீன் மிஸ் சந்தோஷப்படவும் இல்லை, நான் சொன்னேன் பார்த்தீர்களா என்று காட்டிக்கொள்ளவும் இல்லை. முதலில் அவர்தான் மன்னிப்புக் கேட்டார். "நான்தான் ஒவ்வொரு தடவையும் வெளிய அனுப்பி அனுப்பி இதுதான் வழின்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்துட்டேன்."

அப்புறம் என்ன செய்யலாம் என்று பேசினார்கள். ஹர்ஷிதாவை இப்போதைக்கு எழுப்பிப் படிக்கச் சொல்லப்போவதில்லை. பிரேயருக்கு முன்னால் கொஞ்ச நேரம் மிஸ்ஸிடம் தனியாக வந்து உட்கார வேண்டும். எழுத்தின் பெயரை விட்டுவிட்டு அது என்ன சத்தம் போடுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். வகுப்பில் பயமாக வந்தால் ரப்பரை மேஜையின் ஓரத்தில் வைக்க வேண்டும். மிஸ் அதைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வர அனுப்புவார். அச்யுத்திடம் போய் அவளே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதில் மட்டும் மிஸ் கண்டிப்பாக இருந்தார். "பயம் வேற, கடிக்கறது வேற. ரெண்டும் அவளுக்குத் தெரியணும்."

"வீட்ல நாங்க என்ன மிஸ் பண்ணணும்? எங்க இங்கிலீஷ் அவ்வளவுதான்" என்றாள் வீணா.

"தமிழ்லயே பேசுங்க. புக்ல இருக்கற படத்தைப் பாத்து, அந்த நாய் ஏன் ஓடுது, அப்பறம் என்ன ஆகும்னு கேளுங்க. சத்தம் சேக்கற வேலையை கொஞ்ச நேரம் செஞ்சா போதும். அழறதுக்கு முன்னாடி நிறுத்திடுங்க. நாளைக்கும் அவளுக்கு உக்காரத் தோணணும்."

ருக்மிணி மேடம் வருஷக் கடைசி வரைக்கும் பார்க்கலாம் என்று சம்மதித்தார்.

ஹர்ஷிதா அச்யுத்திடம் போய் மன்னிப்புக் கேட்டாள், ஆனால் மற்றது எதுவும் உடனே மாறிவிடவில்லை. ஒரு ராத்திரி ஹர்ஷிதா புத்தகத்தைத் தண்ணீர் பக்கெட்டுக்குள் போட்டுவிட்டாள். அன்று பார்லரில் நாளெல்லாம் நின்று கால் வீங்கி வந்திருந்த வீணா ஒன்றும் சொல்லாமல், தன் ஹேர் டிரையரை எடுத்துவந்து பக்கம் பக்கமாக உலர்த்த ஆரம்பித்தாள். ஹர்ஷிதா கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் வந்து பக்கங்களைப் பிடித்துக்கொண்டாள். காய்ந்த புத்தகம் அப்பளம் மாதிரி உப்பி நின்றது. இருவரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்றைக்குப் படிப்பு இல்லை.

வேறு நாட்களில் மூன்று எழுத்துச் சேர்ந்து ஒரு வார்த்தையாகும். அடுத்த நாள் அதே வார்த்தை அவளுக்கு அந்நியமாக இருக்கும். முனிராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருக்கக் கற்றுக்கொண்டான். லிஃப்டில் சிக்கிக்கொண்டு கதவைத் தட்டுகிறவர்களிடம் பேசுகிற குரலிலேயே மகளிடமும் பேசினான். அவசரமில்லை, நான் இங்கேதான் இருக்கேன்.

குளிர் விட்டு வெயில் ஏறத் தொடங்கிய நாளில் மௌரீன் மிஸ் லீவு. அவர் இடத்துக்கு வந்த வேறொரு மிஸ்ஸுக்கு ரப்பர் சமாசாரம் தெரியாது. வரிசையாகப் படிக்கச் சொல்லிக்கொண்டு வந்து, "நெக்ஸ்ட், நீ" என்று ஹர்ஷிதாவைக் காட்டிவிட்டார். பெற்றோர் இருவரையும் வரச் சொல்லிப் போன் செய்தார் ருக்மிணி மேடம்.

வழி முழுக்க முனிராஜ் மனசுக்குள் ஒக்கலிபுரத்தில் தன் அக்கா பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் இடம் கிடைக்குமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

ருக்மிணி மேடம் கதவைச் சாத்தச் சொன்னார்.

"இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா? அந்த மிஸ் படிக்கச் சொன்னதும் உங்க பொண்ணு பெஞ்சை ஒரு உதை உதைச்சா."

வீணா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அதோட நிறுத்திட்டா. யாரையும் தொடல. எழுந்து மிஸ்கிட்ட போயி, 'எனக்கு இன்னும் படிக்க சரியா வரல, மௌரீன் மிஸ் சொல்லிக் குடுக்கறாங்க, இன்னிக்கு என்னை விட்டுடுங்க'ன்னு சொல்லியிருக்கா. கிளாஸ் முழுக்கக் கேக்கற மாதிரி." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒருத்தரும் சிரிக்கலையாம். அச்யுத் கையைத் தூக்கி, இவளுக்குப் பதிலா நான் படிக்கட்டுமான்னு கேட்டானாம். இதை போன்ல சொல்ல எனக்கு மனசு வரல. நேர்ல சொல்லணும்னுதான் கூப்பிட்டேன். வேற ஸ்கூல் எல்லாம் பாக்க வேண்டாம், ஆய்த்தா?"

முனிராஜுக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தான். வீணா மேஜையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "தேங்க்ஸ் மேடம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வெளியே வந்து பள்ளி வாசலில் நின்றார்கள். "ஏங்க, பசிக்குது" என்றாள் வீணா. அப்போதுதான் இருவருமே காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது தெரிந்தது. ஹர்ஷிதாவையும் அழைத்துக்கொண்டு மூலைக் கடையில் செட் தோசை சாப்பிட்டார்கள். பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள், என்ன பேசினோம் என்பது யாருக்கும் பிறகு நினைவில்லை.

இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீணா தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தாள். முனிராஜ் மிக்ஸி ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தான். மௌரீன் மிஸ் கொடுத்தனுப்பிய புதுப் புத்தகம் ஒன்றோடு ஹர்ஷிதா தரையில் குப்புறப் படுத்திருந்தாள். யாரும் படிக்கச் சொல்லவில்லை. தட்டுத் தடுமாறி, ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம் சேர்த்து வாசித்துக்கொண்டிருந்தாள். கேட்க அழகாக இல்லை. பழைய பாட்டுப் போன்ற கடகடப்பு எங்கேயோ போய்விட்டிருந்தது. ஒரு வரிக்கே மூச்சு வாங்கியது.

திடீரென்று சத்தம் நின்றது. முனிராஜ் தலையைத் தூக்காமலே காத்திருந்தான். புத்தகம் பறக்கப் போகிறதா என்று வீணாவும் திரும்பிப் பார்த்தாள்.

"டாடி" என்றாள் ஹர்ஷிதா. "இது வரல. என்னது இது?"

அவள் இதுவரை இப்படிக் கேட்டதே இல்லை. அவன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டான். அவள் விரல் இருந்த வார்த்தை கொஞ்சம் நீளமானது. அவனுக்கும் தெரியவில்லை.

"எனக்கும் தெரியலடா. வா, ரெண்டு பேரும் சேத்துப் பாக்கலாம். முதல்ல என்ன சத்தம்?"

"ப்" என்றாள் அவள், உதட்டைக் குவித்து.