முழுதாக இறங்காத பெடல்

"அமுக்கு."

"அமுக்கிட்டேன் மச்சான்."

"முழுசா அமுக்கு."

"இதுக்கு மேல அமுக்கினா பலகை உடைஞ்சு உன் மூஞ்சி மேலதான் வந்து நிப்பேன்."

பஸ்ஸுக்கு அடியிலிருந்து ஃபிலிப்போவின் பாதங்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. சவாயித் தீவில் எங்கள் பக்கத்துக் கரையில் எந்த வண்டி படுத்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். மேலே ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது செமிசி, பஸ் அவனுடையது. அவன் மனைவி பெனினா ஃபிலிப்போவுக்கு அக்கா. அவள் ஓட்டுநர் இருக்கைக்கு நேர் பின்னால் இருந்தாள். மற்றபடி நாங்கள், சர்ச்சின் பாட்டுக் குழு, வெள்ளை உடையில் ஒருவர் மடியில் ஒருவராக ஏறி அமர்ந்து வியர்த்துக்கொண்டிருந்தோம். எனக்குக் கிடைத்தது முன் வரிசையின் மறுபக்கத்தில் லோசா பெரியம்மாவின் மடி. அகலமான மடி, ஆனால் சும்மா இருக்காத மடி.

நாலு மணிக் கப்பலைப் பிடித்தால்தான் மறுநாள் காலை எதிர்த் தீவிலுள்ள அப்பியாவில் போட்டியில் பாட முடியும். சலேலோலோங்கா துறைமுகம் தீவின் அடுத்த முனையில். பக்கத்து ஊர் பஸ்ஸைப் பேசலாம் என்று சபையில் சொன்னபோது, "என் வண்டி எதுக்கு இருக்கு?" என்று எழுந்து நின்றவன் செமிசிதான். பெனினா பாடும் குழுவை அவன் பஸ்தான் கொண்டுபோக வேண்டுமாம். கல்யாணமாகி இன்னும் ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை.

என்ஜின் ஓடும்போது முதல் கியரைத் தள்ளினால் பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. என்ஜினை அணைத்துவிட்டால் அதே கியர், வெந்த சேப்பங்கிழங்கில் கத்தி இறங்குவதுபோல இறங்கியது.

"கியர்பெட்டி நல்லாத்தான் இருக்கு," என்றது அடியிலிருந்து குரல். "கிளட்ச்தான் என்ஜினை விட மாட்டேங்குது. கியர்லயே வெச்சு, பெடலை அமுக்கிக்கிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாரு. இரு இரு, நான் வெளிய வந்துர்றேன்."

அவன் வெளியே உருண்டதும் செமிசி சாவியைத் திருப்பினான். பெடலை மிதித்தபடியே இருந்தும் பஸ் தவளைபோல ஒரு தாவு தாவி நின்றது. தேங்காய்ப்பால் பன் தட்டு பின் வரிசையிலிருந்து பறந்து வந்தது.

"என் பாவாடையில என்னடா இது? எல்லாம் பாலு!" என்றாள் லோசா பெரியம்மா. "டே செமிசி, கப்பல்ல போறோமா, இல்ல இங்கயே நீந்தணுமா?"

"பெரியம்மா, நீங்க ஏறினதுல இருந்துதான் வண்டிக்கு மூச்சு வாங்குது."

"உன் வாயை ஓட்டுற மாதிரி வண்டியை ஓட்டுடா."

ஃபிலிப்போ மறுபடி அடியில் நுழைந்தான். கிளட்ச் எண்ணெய் இருக்கும் சின்னக் கிண்ணம் நிறைந்திருந்தது. எங்கும் கசியவில்லை. குழாயில் காற்று புகுந்திருக்குமோ என்று செமிசியைப் பெடலை நாலு முறை மிதித்து அப்படியே பிடிக்கச் சொல்லி, கீழே திருகைத் தளர்த்திப் பார்த்தான். எண்ணெய் ஒரு குமிழிகூட இல்லாமல் வந்தது. பெடலின் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் தள்ளுகம்பியை இரண்டு சுற்று நீட்டினான். சத்தம் சற்றே மெலிந்தது, அவ்வளவுதான்.

"இப்ப கம்பியைப் பாத்துக்கிட்டே இருக்கேன். மெதுவா அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"கடைசி வரைக்கும் வரல. இது பழைய கிளட்ச் மச்சான், பெடல் பலகையைத் தொடுற கடைசி விரக்கடையிலதான் விடும். முழுசா அமுக்கு."

"முழுசாத்தான்."

"அப்ப கால் எதுல போய் நிக்குது?"

செமிசி குனிந்து தன் காலடியைப் பார்த்தான். வெளியே ஃபிலிப்போவின் பாதங்கள் அசையாமல் கிடந்தன.

எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. பெடலுக்குக் கீழே தாழம்பாய் விரித்திருந்தது. சூடான பலகையில் செமிசியின் வெறுங்கால் சுடக்கூடாது என்று பெனினா இரட்டை மடிப்பாகப் பின்னி, ஓரமெல்லாம் சிவப்புக் கம்பளி நூல் குஞ்சம் வைத்துக் கொடுத்தது. செமிசி அதை மிதிக்கும்போதுகூட வணக்கம் சொல்வதுபோலத்தான் மிதிப்பான். பாய் வந்தது புதன்கிழமை. கியர் கத்த ஆரம்பித்தது வியாழக்கிழமை.

அக்கா கைப்பட்ட ஒன்றைக் குறை சொல்ல எங்கள் ஊரில் எந்தத் தம்பிக்கும் நாக்கு எழும்பாது. அவள் அறையில் இருந்தால் அவன் குரலைக்கூட உயர்த்த மாட்டான். புருஷனோ, அந்தப் பாயைத் தூக்கிப் போடுவதைவிட பஸ்ஸையே தூக்கிப் போட்டுவிடுவான். ஆகவே இரண்டு கெட்டிக்காரர்களும் சேர்ந்து வேறு வழி கண்டுபிடித்தார்கள்.

"எல்லாரும் இறங்கித் தள்ளுங்க," என்றான் ஃபிலிப்போ வெளியே வந்து, யாரையும் பார்க்காமல். "என்ஜினை அணைச்சு ரெண்டாவது கியர்ல போட்டுத் தள்ளினா வண்டி பிடிச்சிரும். ஓட ஓட ஏறிக்கிடணும். அப்புறம் துறைமுகம் வரைக்கும் நிறுத்தவே கூடாது."

"பன்னி குறுக்க வந்தா?" என்றான் செமிசி.

"பன்னிதான் பாத்துப் போகணும்."

வெள்ளை உடையோடு இறங்கினோம். பெனினா கடைசியாக இறங்கி ஓட்டுநர் பக்கம் சுற்றி வந்தாள். தள்ளக் கை வைக்கப் போனவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். செமிசியின் கால் பெடலின் மேல். பெடலுக்கடியில் சிவப்புக் குஞ்சம் நசுங்கித் திரண்டு கிடந்தது.

"காலை எடு," என்றாள்.

"பெனினா, அது ஒண்ணும் இல்ல..."

"காலை எடு செமிசி."

எடுத்தான். அவள் பாயை உருவி எடுத்தாள். "இப்ப அமுக்கு."

பெடல் பலகையைத் தொட்டு டொக்கென்றது. என்ஜினைப் போட்டான். முதல் கியர் ஒரு முனகல்கூட இல்லாமல் விழுந்தது. யாரும் கைதட்டவில்லை. பெனினாவின் முகம் அப்படி இருந்தது.

"உனக்கு எப்ப தெரியும்?" என்று தம்பியைக் கேட்டாள். ஃபிலிப்போ ஸ்பேனரைத் துடைத்த துணியாலேயே முகத்தையும் துடைத்துக்கொண்டான்.

"இப்பதான் அக்கா. கொஞ்ச நேரம் முன்னாடி."

"இத்தனை பேரையும் தள்ள வெச்சு, நிறுத்தாம கரை முழுக்க ஓட்டப் பாத்தீங்க. ஒரு பாயை எடுன்னு எங்கிட்ட சொல்ல முடியல. நான் என்ன, அழுதுருவேனா? என்னைப் பாத்தா அவ்வளவு பயமா?"

"பயம் இல்ல," என்றான் செமிசி. காது வரை சிவந்துபோனான்.

எல்லோரும் ஏறினோம். பெனினா தன் பழைய இடத்துக்குப் போகவில்லை. பாயை அக்குளில் இடுக்கியபடி நடுப்பாதையில் நடந்து, கடைசி வரிசையில் ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் மடியில் ஏற யாருக்கும் துணிவு வரவில்லை.

பஸ் கிளம்பியது. ஒவ்வொரு கியரும் எண்ணெயில் வழுக்குவதுபோல மாறியது. கடல் வலப்பக்கம் பளபளவென்று கூடவே ஓடிவந்தது. கப்பல் கிடைத்துவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, செமிசிக்கும்தான். ஆனால் அவன் சாலையைவிட அதிகமாகத் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கழுத்தைத் திருப்பாமலே, லோசா பெரியம்மாவிடம் மெதுவாக ஏதோ சொன்னான்.

"சத்தமா சொல்லுடா, என்ஜின்ல கேக்கல."

சத்தமாகச் சொன்னான். லோசா பெரியம்மா என்னை மடியில் வைத்தபடியே பின்னால் திரும்பினாள்.

"அவளை முன்னாடி வரச் சொல்றான். பின்னால சொல்லுங்க."

அது வரிசை வரிசையாகப் போனது. "முன்னாடி வரணுமாம்." "புருஷன் கூப்பிடுறானாம்." "பக்கத்துல இல்லாட்டி ஸ்டியரிங் திரும்ப மாட்டேங்குதாம்." சிரிப்பு கூடிக்கொண்டே போய், கடைசி வரிசைக்கு முன்னால் தானாக அடங்கியது. அங்கே இருந்த சின்னப் பெண் ஒருத்தி, குரலைத் தணித்துக்கொண்டு பெனினாவின் தோளைத் தொட்டாள்.

"அக்கா, கொஞ்சம் முன்னாடி வருவீங்களாம்..."