பத்து மில்லிமீட்டர்

1996ஆம் வருடம் மார்ச் மாதக் கடைசியில் ராசம்மாளுக்குக் கோயமுத்தூர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது.

சத்தியமங்கலத்துக்குக் கிழக்கே, பவானிக் கரையில் இருந்த நீரளவு நிலையத்தில் ஐந்து வருடமாக அளவு எடுக்கிறவள் அவள்தான். காலை எட்டு மணிக்கு ஆற்றில் நட்டிருக்கும் அளவுக் கம்பத்தில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பாள். எட்டரைக்கு, கம்பிவேலிக்குள் இருக்கும் வட்டமான தகரத் தொட்டிக்கு வருவாள். முந்தின நாள் வெயிலும் காற்றும் குடித்துவிட்டுப் போன தண்ணீரைக் கோடு போட்ட குவளையால் ஊற்றி, பழைய மட்டத்துக்கு நிரப்புவாள். எவ்வளவு ஊற்றினாளோ அவ்வளவு ஆவியாகிவிட்டது என்று அர்த்தம். அதை மில்லிமீட்டரில் நோட்டில் எழுதுவாள்.

கடிதத்தில் நாலு வரிதான். மற்ற நிலையங்களில் நாளுக்கு ஏழு மில்லிமீட்டர் ஆவியாகும்போது இங்கே மட்டும் பத்து எப்படி, நேரில் பார்த்துத்தான் எழுதுகிறீர்களா, விளக்கம் தரவும்.

அவளுடைய கணவன் நஞ்சப்பன் அதே நிலையத்தில் பரிசல் ஓட்டுகிறவன். கடிதத்தை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டான்.

"ஏம்புள்ள, பேசாம நாளையிலருந்து ஏழுன்னு எழுதிப்போடு. யாரு வந்து பாக்கப் போறாங்க?"

"பத்து ஊத்திப்போட்டு ஏழுன்னு எழுதறதுங்களா?" என்றாள் ராசம்மாள். "என்னால ஆகாதுங்க."

அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. இந்த வேலை கிடைத்தபோது, மஞ்சள் வெட்டுகிறவளுக்கு நோட்டும் பேனாவும் எதுக்கு என்று ஊரில் சிரித்தவர்கள் உண்டு. அந்த நோட்டில் ஒரு நாள்கூட அவள் வீட்டிலிருந்தபடி எழுதியதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் நஞ்சப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

மறுநாள் பழைய நோட்டுகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு தேதி தேதியாகப் பார்த்தாள். போன வருடம் மார்ச்சில் ஏழு. அதற்கு முந்தின வருடமும் ஏழுதான். இந்த வருடம் பிப்ரவரி பாதிவரை எல்லாம் ஒழுங்கு. அதற்குப் பிறகுதான் எட்டு, ஒன்பது, பத்து என்று ஏறியிருந்தது. என்ன காரணம் என்று அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஆனால் எழுதி அனுப்பினால் யார் நம்புவார்கள்?

ஏப்ரலில் ஆற்று ஓட்டத்தை அளக்கக் கோயமுத்தூரிலிருந்து கௌதமன் வந்தார். முப்பது வயது இன்ஜினியர். ஆற்றின் குறுக்கே கயிறு கட்டி, பரிசலை இடம் இடமாக நிறுத்தி, சுழலும் கருவியைத் தண்ணீருக்குள் இறக்கி, அது ஒரு நிமிடத்தில் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணுவார். மூன்று நாள் வேலை. கூடவே தொட்டியையும் பார்த்துவரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

முதலில் தொட்டி ஒழுகுகிறதா என்று அடியில் கைவிட்டுத் தடவினார். மரச்சட்டம் காய்ந்து கிடந்தது. மேலே போட்டிருந்த வலையில் கிழிசல் இல்லை. காக்காயோ குரங்கோ குடிக்க வழியில்லை. இரண்டு நாள் காலையில் தானே குவளையைப் பிடித்து ஊற்றினார். ஒரு நாள் ஒன்பதே முக்கால் மில்லிமீட்டர், மறுநாள் பத்துக்குக் கொஞ்சம் மேலே.

"என்னங்கக்கா இது?" என்றார் குழப்பமாக.

"சார், ஒண்ணு சொல்லட்டுங்களா? நம்ம தொட்டிக்கு மேக்கால ரங்கராஜ் கவுண்டர் காடு. மஞ்ச வெட்டுனதும் வருசாவருசம் தண்ணி உட்டு எள்ளுப் போடுவாரு. இந்த வருசம் மக கல்யாணம்னு சும்மா போட்டுட்டாருங்க. காடு காஞ்சு வெடிச்சுக் கெடக்குது. அதுமேல வர்ற காத்து அடுப்புல இருந்து வர்றாப்புல இருக்குதுங்க."

கௌதமன் வேலிக்கு வெளியே போய் நின்றார். முகத்தில் அனல் அடித்தது.

"பரிச்சை பண்ணிப் பாத்துப்போடலாங்க சார்," என்றாள் அவள்.

வீட்டிலிருந்து ஒரே மாதிரி, வாயகன்ற இரண்டு அலுமினியப் போசிப் பாத்திரம் கொண்டுவந்தாள். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர். ஒன்றைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். இன்னொன்றைக் கொஞ்ச தூரம் தள்ளி, தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்த கரும்புக்குக் கிழக்கே, காற்று அந்த ஈரத்தின் மேலாக வந்து சேரும், நிழல் விழாத வரப்பில். ஆடுமாடு வாய் வைத்துவிடக் கூடாதே என்று ஒன்றுக்கு ராசம்மாள் காவல், மற்றொன்றுக்குக் கௌதமன். குடை பிடித்துக்கொண்டு ஒரு போசித் தண்ணீரைக் காவல் காக்கும் இன்ஜினியரைப் பார்த்து, வரப்பில் போன ஊர்க்காரி செல்லாத்தாள் நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, தண்ணிய ஆராச்சும் தூக்கீட்டுப் போயிருவாங்களா?"

"அதைத்தானுங்க புடிக்க உக்காந்திருக்கறேன்," என்றார் கௌதமன். நஞ்சப்பன் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே பரிசலுக்குப் போனான்.

மாலை ஐந்து மணிக்கு அளந்தார்கள். தொட்டிப் பக்கத்துப் போசிக்குக் குவளையில் பதின்மூன்று கோடு ஊற்ற வேண்டியிருந்தது. கரும்போரப் போசிக்கு ஒன்பதுகூட முழுசாகப் பிடிக்கவில்லை.

கௌதமன் மறுபடி ஒரு தரம் குவளையைப் பார்த்தார். பிறகு வரப்பிலேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். அளவு சரி, சுற்றியிருக்கும் நிலம்தான் மாறியிருக்கிறது. இந்தப் பத்தை அப்படியே எடுத்து, அணைத் தண்ணீர் எவ்வளவு ஆவியாகும் என்று கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். திருத்த வேண்டியது நம் கணக்கை.

எழுதி முடித்து நிமிர்ந்தார். "நீங்க வீட்ல உக்காந்து எழுதறீங்கன்னு நெனச்சுத்தானுங்க வந்தேன். தப்புங்கக்கா."

ராசம்மாள் நோட்டை அவரிடம் நீட்டினாள். "நோட்டுல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க சார்," என்றாள். அவர் அன்றைய தேதியில் மட்டுமல்ல, பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு பக்கத்திலும் போட்டார்.

மே மாதம் அலுவலகத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. எல்லா நிலையங்களுக்கும் பொதுவானது. இனி தொட்டியைச் சுற்றியுள்ள நிலத்தில் பயிர் இருக்கிறதா, தரிசா, ஈரமா என்று வாரம் ஒரு தரம் குறிக்க வேண்டும். அவள் பெயர் அதில் எங்கும் இல்லை. இருந்தாலும் நஞ்சப்பன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, டீக்கடையில் எடுத்து நாலு பேருக்குப் படிக்கக் கொடுத்தான்.

"எம்பொண்டாட்டி சொன்னதுங்க இது," என்றான்.

திங்கட்கிழமை எட்டரை மணிக்கு ராசம்மாள் தொட்டியை நிரப்பிவிட்டு, நோட்டில் ஸ்கேல் வைத்துப் புதிதாக ஒரு கட்டம் போட்டாள். மேற்குப் பக்கம் நடந்துபோய், ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். முந்தின நாள் கோடை மழையில் லேசாக நனைந்திருந்தது. திரும்பி வந்து எழுதினாள்: 'உழவு முடிந்தது. மேல்மண் ஈரம்.'