அசலை விட அசலான மை

எங்கள் வீட்டு பிரிண்டரை அண்ணன் ஜீவா தீபாவளித் தள்ளுபடியில் வாங்கி வந்தான். ஒரு பொருளை அவ்வளவு மலிவாக விற்கிறார்களே, கம்பெனியைத் தர்மத்துக்காக நடத்துகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். உள்ளே இருந்த மை தீர்ந்து, கடையில் புது கார்ட்ரிட்ஜ் விலை கேட்ட அன்று தர்மத்தின் கணக்கு புரிந்தது. கறுப்பு ஒன்று, கலர் ஒன்று. இரண்டையும் வாங்கும் காசுக்கு இன்னொரு பிரிண்டரே வாங்கிவிடலாம்.

"அப்ப இன்னொரு பிரிண்டரே வாங்கிடலாண்டி," என்றான் ஜீவா. "மை தீந்தா அதயும் தூக்கிப் போட்டுட்டு வேற."

"எங்க போடுறது?"

"பரண் சும்மாதானே கீது."

நான் பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட், நட் செய்யும் பட்டறையில் தரம் பார்க்கிறேன். மாலையில் டிப்ளமோ வகுப்பு. கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டை வெள்ளிக்கிழமை மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். தவறினால் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு கிடையாது, டிப்ளமோ ஒரு வருஷம் தள்ளிப்போகும், அதை நம்பிக் காத்திருக்கும் சூபர்வைசர் வேலை வேறு யாருக்காவது போகும். புராஜெக்ட்டின் தலைப்பு: சிறு பட்டறைகளில் செலவுக் குறைப்பு.

செலவுக் குறைப்பு பற்றி எழுதுகிறவள் முழு விலை கொடுத்து மை வாங்கினால் வைவாவில் யாராவது கேட்க மாட்டார்களா? புராஜெக்ட்டைப் படித்தால்தானே கேட்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை. முறையாக யோசித்தேன். வேறு கம்பெனிக்காரன் செய்யும் கார்ட்ரிட்ஜ், பழையதிலேயே மை நிரப்புவது, சேக்காட்டில் எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடை என்று மூன்று வழி இருந்தது. ஜெராக்ஸ் கடையில் கலர் பக்கத்துக்கு அநியாயமாகக் கேட்கிறார்கள் என்று முதலில் அதைத்தான் ஒதுக்கினேன். ஒதுக்கியது சரியா என்று ஒரு வாரம் குழம்பி, சரிதான் என்று முடிவு செய்தேன்.

கரையான்சாவடியில் மை நிரப்பித் தருகிற உஸ்மான் கனி பாய், என் கார்ட்ரிட்ஜ் இரண்டையும் விளக்கில் தூக்கிப் பார்த்தார். பிறகு ஊசியில் மையை இழுத்து, குழந்தைக்குத் தடுப்பூசி போடுவது போல மெதுவாகக் குத்தினார்.

"ஒரிஜினல் மாதிரி வருமா பாய்?"

"இன்னாம்மா இப்டி கேட்டுட்ட? ஒரிஜினலே நம்மள்து மாதிரி வராது. பிரிண்டர் மட்டும் கொஞ்சம் பொலம்பும். நீ கண்டுக்காத."

"வேற எதாச்சும் பாத்துக்கணுமா?"

"தண்ணி படாம பாத்துக்கோ. அவ்ளோதான்."

பிரிண்டர் புலம்பியது. 'இது அசல் கார்ட்ரிட்ஜ் அல்ல' என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் சொன்னது. ஓகே அழுத்தி ஓகே அழுத்தி அச்சடித்து முடித்தேன். கறுப்பு கொஞ்சம் ஊதாவாக இருந்தது. என் கண்ணில்தான் கோளாறோ என்று ஜீவாவிடம் காட்டினேன்.

"கத்திரிக்கா கலரு," என்றான். "சூப்பரா கீது."

ஒவ்வொரு பக்கத்திலும் பட்டறை மேலாளர் கையெழுத்து வேண்டும் என்பது கல்லூரி விதி. எங்கள் மேலாளர் பரத் சார் போனில் யாரையோ திட்டிக்கொண்டே எல்லாப் பக்கத்திலும் பால்பாயின்ட் பேனாவால் கையெழுத்துப் போட்டார். ஒரு வரி படிக்கவில்லை. அன்றிரவே மாமியார் வீட்டுக்குக் கோயம்புத்தூர் கிளம்பிப் போனார், ஒரு வாரத்துக்கு.

நான் தண்ணீரிடமிருந்து தாள்களைக் காப்பதில் இறங்கினேன். மழை வரலாம் என்று இரண்டு பிளாஸ்டிக் கவர். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துவிட்டேன். மேசை ஜன்னலோரம் இருக்கிறது, சமையலறையில் குழாய் இருக்கிறது. வீட்டிலேயே ஈரம் அண்டாத இடம் சாமி அலமாரிதான் என்று தீர்மானித்து, வியாழன் இரவு கவரோடு அங்கே வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை அம்மா பூஜை செய்தாள்.

"மஞ்சள் வெக்காம குடுத்தா வெளங்குமாடி?" என்றாள் அம்மா. கல்யாணப் பத்திரிகை முதல் கரன்ட் பில் வரை நாலு மூலையிலும் மஞ்சள் வைத்துப் பழகிய கை. கவரைப் பிரித்து, மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து, நாலு மூலை வைத்திருந்தாள். முதல் பக்கத்துக்கு மட்டும் வைத்தால் மற்ற பக்கங்களுக்குக் குறை வந்துவிடும் என்று எல்லாப் பக்கத்துக்கும் வைத்திருந்தாள். எனக்கு இந்த முறையாகச் செய்யும் குணம் எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது. கடைசியில் தீர்த்தம் வேறு தெளித்திருந்தாள், கொஞ்சம் தாராளமாக.

எழுத்துகள் ஊதா மேகங்களாக மிதந்தன. கிராஃபின் சிவப்பும் பச்சையும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டிருந்தன. பரத் சாரின் கையெழுத்து மட்டும் பக்கத்துக்குப் பக்கம் கல்வெட்டு மாதிரி நின்றது. நான் எழுதியது எல்லாம் கரைந்து, அதற்கான ஒப்புதல் மட்டும் பத்திரமாக இருந்தது.

"நல்லதுக்குத்தானடி வெச்சேன்," என்று அம்மா அழ ஆரம்பித்தாள். அவளைத் தேற்றும் பொறுப்பும் எனக்கு வந்தது.

புதிதாக அச்சடித்தால் கையெழுத்து இருக்காது. கையெழுத்து கோயம்புத்தூரில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. வேறு வழியில்லாமல் தாள்களை அயர்ன் பாக்ஸால் தேய்த்துக் காயவைத்து, அவற்றின் மேலேயே மறுபடி அச்சடிக்கப் பார்த்தேன். நீல மை தீர்ந்துவிட்டதால் கறுப்பில் அச்சடிக்க முடியாது என்றது பிரிண்டர். கறுப்புக்கு நீலம் எதற்கு என்று அதனிடம் வாய்விட்டே கேட்டேன்.

"கேள்வி கேக்காத. அது பெரிய எடத்துப் பொண்ணு," என்றான் ஜீவா.

ஒரு வாரம் யோசித்து ஒதுக்கிய தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். அங்கே இருப்பது லேசர் பிரிண்டர். அதில் மையே கிடையாது, பொடிதான். கடைக்கார அன்னம்மாள் அக்கா தாள்களைப் புரட்டிப் பார்த்தார்.

"அடிச்ச பேப்பர் மேலயே அடிக்கணுமா? இன்னாத்துக்குடி, ரெண்டு தடவ படிக்கவா?"

கலர் வேண்டாம், கறுப்பு போதும் என்றேன். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடிந்தது. அவர் வாங்கிய காசைச் சொன்னால் அதற்கு முன் செலவழித்தது எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கும். சொல்ல மாட்டேன்.

அச்சு ஒரு நூல் தள்ளி விழுந்திருந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் ஊதா நிழல். மாலையில் அந்தத் தாள்களைத் துறைத் தலைவர் கோதண்டம் சார் மேசையில் வைத்தபோது, கொண்டுவந்ததே தப்போ என்று தோன்றியது. அவர் கையெழுத்துகளை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பாதியில் விரல் நின்றது.

"என்னம்மா இது, பின்னால நிழல் மாதிரி?"

அவரே அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"கிராஃபுக்கு அடியில கலர் வேற படர விட்டிருக்கியே. டிசைனா? செலவு நிறைய ஆயிருக்குமே?"

"ஆச்சு சார்," என்றேன். அந்தப் புராஜெக்ட்டில் சந்தேகமே இல்லாமல் நான் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

"செலவுக் குறைப்புன்னு தலைப்பு வெச்சிட்டு இவ்வளவு செலவா?" என்று சிரித்தபடி சீல் குத்தினார். புதன்கிழமை வைவா என்றார். மூலையில் இருந்த மஞ்சளை ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, "இது நல்ல பழக்கம்," என்றும் சொன்னார்.

வைவாவில் தேறிவிட்டேன். கோதண்டம் சார் என் புராஜெக்ட்டை மாதிரிக்கு வைத்துக்கொண்டார். அடுத்த பேட்ச் பிள்ளைகள், அந்த நிழல் டிசைன் எங்கே போட்டுத் தருவார்கள் என்று போன் செய்கிறார்கள். கரையான்சாவடி உஸ்மான் கனி பாய் கடை என்று சொல்கிறேன். மீதி வேலைக்கு எங்கள் வீட்டுக்கு வரச் சொல்கிறேன், வெள்ளிக்கிழமை காலையில்.