சீமாட்டியின் இடது கண்

சீமாட்டி என்பது அந்தக் கடல்சிங்கத்துக்கு விலங்குக் காட்சியக ஊழியர்கள் வைத்த பட்டப்பெயர். யார் வந்தாலும் மோவாயைத் தூக்கி, வாடகை பாக்கிக்காரனைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்க்கும். அதன் இடது கண்ணில் புண். வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டால் ஆறிவிடும். ஆனால் ஆளைவிட மூன்று மடங்கு கனமான உடம்பைப் பிடித்து அழுத்தி மருந்து விடுவது நடக்கிற காரியமா? மயக்க ஊசி போட்டு அறுவை செய்வதுதான் வேறு வழி. அதில் ஓர் ஆபத்து இருந்தது. நீருக்குள் மூச்சை அடக்கியே பழகிய உடம்பு, நினைவு தப்பியதும் தான் மூழ்கிவிட்டதாக எண்ணி மூச்சை நிறுத்திவிடும். சில சமயம் திரும்ப இழுக்காமலே போய்விடும்.

ஆகவே சீமாட்டியே வந்து கண்ணைக் காட்ட வேண்டும். அதற்குப் பழக்குவது பயிற்சிக்காரியின் வேலை. விலங்கு மருத்துவர் அவளுடைய சொந்த அண்ணி. வீட்டில் குழம்பில் உப்பு கூடினாலும் வாய் திறக்காத அண்ணி, வேலையிடத்தில் கறார்.

பயிற்சிக்காரியின் கையில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. பொத்தானை அழுத்தினால் ‘டிக்’ என்னும். மீனையே நேராகக் கொடுத்தால் என்ன என்று பலரும் கேட்பதுண்டு. வாளியிலிருந்து மீன் வாய்க்குப் போய்ச் சேருவதற்குள் விலங்கு வேறு எதையாவது செய்துவிடும். பரிசு கடைசியாகச் செய்ததோடுதான் ஒட்டிக்கொள்ளும். ‘டிக்’ அந்தக் கணத்தைப் பிடித்து, ‘இப்போது செய்தாயே, அதற்குத்தான் மீன்’ என்று சொல்லிவிடும். அப்படித்தான் சீமாட்டி பலகையில் மோவாயை வைக்கவும், அசையாமல் இருக்கவும், மருந்துக்குப்பியின் நிழல் முகத்தில் விழுந்தால் பொறுக்கவும் பழகியது.

பிறகு எல்லாம் தலைகீழானது. திங்களன்று பலகைக்கு வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. செவ்வாயன்று வரவே இல்லை.

“போன வாரம் பழகிடுச்சுன்னு சொன்னே,” என்றார் அண்ணி. “புண்ணு ஆழமாகிட்டே போகுது. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்குறேன். அதுக்கப்புறம் ஊசிதான். என்னைத் திட்டாதேம்மா.”

புதனன்று பயிற்சிக்காரி பெட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். ‘டிக்’ என்றது. சீமாட்டி தலையைத் தூக்கி அவள் கையைப் பார்த்தது. மீன் இல்லை. ‘உன்னைத் தெரியாதா’ என்பது போல மூக்கால் ஊதிவிட்டு நீருக்குள் இறங்கியது.

அவள் பெட்டியைத் தொடவே இல்லை. திரும்பிப் பார்த்தாள். மீன் அறை சன்னலில் நாரதர் கூண்டில் உட்கார்ந்திருந்தார். யாரோ விட்டுப் போன சாம்பல் கிளி அது. தொலைபேசி மணி, வாளி உரசல் என எதையும் அப்படியே திருப்பிச் சொல்லும். பக்கத்தில் மீன் நறுக்குகிறவர் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே கம்பிக்குள் ஒரு சூரியகாந்தி விதையை நீட்டிக்கொண்டிருந்தார்.

“அச்சு அசல் உங்க பெட்டிதான் தங்கச்சி. ஒரு வாரமா இதே கச்சேரி.”

“இந்த இடத்துலயே கைதேர்ந்த பயிற்சியாளர் நீங்கதான் அண்ணே,” என்றாள் அவள். அவர் மேலும் சிரித்தார். ‘டிக்’ என்றது கிளி.

அண்ணியிடம் ஓடிப்போய்ச் சொன்னபோது, கூண்டைத் தூக்கி வேறிடத்தில் வைத்தால் தீர்ந்தது என்றார் அவர்.

“கூண்டைத் தூக்கிடலாம் அண்ணி. கெட்ட பேரைத் தூக்க முடியுமா? அந்தச் சத்தம் சீமாட்டிகிட்ட பொய் சொல்லிடுச்சு.”

சத்தம் பொய்யாகிப் போனால் மூளைக்குள் என்ன நடக்கும் என்பதை, முன்பு மூளை ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது அவள் காதாலேயே கேட்டிருக்கிறாள். எலியின் மூளையில் தலைமுடியைவிட மெல்லிய கம்பி ஒன்று; ஒற்றை உயிரணுவின் துடிப்பு ஒலிபெருக்கியில் கேட்கும். எதிர்பாராமல் தீனி விழுந்தால் பொரி பொரிவது போலப் படபடக்கும். தீனிக்கு முன்னால் மணி அடித்துப் பழக்கினால், படபடப்பு தீனியை விட்டு மணிக்கு இடம் மாறிவிடும். மணி அடித்துத் தீனி வராவிட்டால், தீனி வந்திருக்க வேண்டிய அதே நொடியில் அந்த உயிரணு வழக்கமான துடிப்பையும் விட்டு அடங்கிப்போகும். ஏமாற்றம் எப்படி ஒலிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அதனால் புதிய வாக்கு ஒன்று வேண்டும். கிளியால் நகல் எடுக்க முடியாத வாக்கு. மோவாயின் கீழே ஒரு விரல் தொட்டு எடுத்தாள், உடனே மீன் கொடுத்தாள். மறுபடி தொட்டாள், மறுபடி மீன். வியாழன் மதியத்துக்குள் விரல் பட்டாலே சீமாட்டியின் மீசை முன்னால் நீண்டது. பலகையும் அசையாமையும் அதற்கு ஏற்கெனவே தெரிந்தவை. நம்பிக்கை வந்ததும் அவை தாமாகவே திரும்பிவந்தன.

கூண்டு குளத்தின் மறுகோடிக்குப் போனது. கிளி என்ன செய்தாலும் சிரிக்கவும் கூடாது, விதையும் கூடாது என்று மீன் நறுக்குகிறவருக்கு உத்தரவு. விளக்கு எரியாத சுவிட்சை நாம் நாலு தடவை தட்டிப் பார்ப்பதில்லையா? பழக்கம் சாகுமுன் ஒரு ஆட்டம் ஆடும், அது வரைக்கும் பொறுங்கள் என்று அவள் சொல்லி வைத்திருந்தாள்.

அந்த ஆட்டம் வெள்ளிக்கிழமைதான் வந்தது. அண்ணி ஊசிப் பெட்டியோடு நின்றார். சீமாட்டி மோவாயைப் பலகையில் வைத்தது. குப்பியின் நிழல் முகத்தில் விழுந்தது. மறுகோடியில் நாரதர் தொடங்கினார்: டிக், டிக்டிக், டிக்டிக்டிக். மீன் நறுக்குகிறவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்; தோள்கள் மட்டும் குலுங்கின. சீமாட்டியின் காது மடல் ஒருமுறை துடித்தது. தலை நகரவில்லை. அது விரலுக்காகக் காத்திருந்தது.

சொட்டு கண்ணின் நடுவில் விழுந்தது. விரல் தொட்டது. பெரிய மீன் ஒன்று முழுசாக உள்ளே போனது.

அண்ணி ஊசிப் பெட்டியின் கொக்கியை மாட்டி, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அடுத்த வேளைச் சொட்டை நான் விடறேன்,” என்றார். “எங்கே தொடணும்னு காட்டு.”

அவள் காட்டுவதற்குள் சீமாட்டி முந்திக்கொண்டது. பலகையில் மோவாயை மறுபடி வைத்து, தலையைச் சாவகாசமாகத் திருப்பி, ஒரு குறையும் இல்லாத வலது கண்ணை அண்ணியிடம் நீட்டியது.