துண்டுக்கடியில் பார்த்த வைத்தியம்

குளித்துவிட்டு வந்தால் போதும், என் வீட்டுக்காரர் காசிராஜனுக்கு உடம்பெல்லாம் அரிப்பெடுத்துவிடும். விளாத்திகுளத்தில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருப்பவருக்கு அரித்தால் அதை நோய் என்று யார் நினைப்பார்கள்? வத்தல் காந்தல் என்றார்கள் எல்லோரும். எனக்கு மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. நாள் முழுக்க வத்தல் மூட்டைகளுக்கு நடுவே கிடக்கும்போது அரிக்கவில்லை, எல்லாவற்றையும் கழுவிவிட்டு வந்த பிறகு அரிக்கிறதே, இது என்ன கூத்து?

கேட்டால், "ஏட்டி, ஒனக்கு வேற சோலியே இல்லையா?" என்பார்.

முகம் வேறு நாளுக்கு நாள் சிவந்துகொண்டு வந்தது. "மதினி கவனிப்பு பலமா இருக்கு அண்ணாச்சி" என்று மண்டிக்கு வருகிறவர்கள் கேலி செய்வார்கள். இவருக்கும் அதில் ஒரு பெருமை. தொண்ணூற்றெட்டாம் வருஷம் மாசியில் ஒரு நாள் காலையில் காப்பி குடிக்கும்போது இடது கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்தது. என்னவோ சொல்ல வந்தார், நாக்கு குழறியது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. நான் விடவில்லை, கோவில்பட்டிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே டாக்டர் பார்த்துவிட்டுத் திருநெல்வேலிக்கு அனுப்பினார்.

திருநெல்வேலியில் டாக்டர் சுதாராணி பரிசோதனை எல்லாம் முடித்துவிட்டு, "அண்ணாச்சிக்கு ரத்தம் கூடுதலா இருக்கு" என்றார்.

"ரத்தம் குறைச்சல்னு கேள்விப்பட்டிருக்கேன். கூடுதலாவுமா இருக்கும்?" என்றேன்.

"எலும்புக்குள்ள ரத்தம் ஊறுத எடத்துல கோளாறு. தேவைக்கு மேல ஊறி, கெட்டியாகி, ஓட மாட்டேங்குது. குளிச்சதும் அரிக்கதுகூட இதனாலதான். மூளைக்குப் போற கொழாய் அடைச்சா உயிருக்கே ஆபத்து. அப்பப்ப அளந்து ஒரு பை ரத்தம் வெளிய எடுக்கணும். உறையாம இருக்க மாத்திரை தாரேன்."

அரிப்புக்குக் காரணம் தெரிந்ததில் எனக்கு அந்த நேரத்திலும் ஒரு சந்தோஷம்! இவரோ மாத்திரைச் சீட்டை மட்டும் வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "எடுக்கதப் பத்தி யோசிச்சுச் சொல்லுதேன்" என்று எழுந்துவிட்டார்.

பஸ்ஸில் வரும்போது முணுமுணுத்தார். "ஊருல அவனவன் ரத்தத்துக்கு அலையுதான். இவிய என்னன்னா எடுத்துக் கீழ ஊத்தணும்ங்காவ."

அடுத்த வாரம் எப்போதும்வென்றான் என்கிற ஊருக்குக் கூட்டிப்போகச் சொன்னார். அங்கே பூவனலிங்கம் என்று ஒரு நாட்டு வைத்தியர், கைராசிக்காரர். குணமானால் எந்த மருந்தாக இருந்தால் என்ன என்று நானும் கிளம்பினேன். வைத்தியர் நாடியைப் பிடித்துக்கொண்டு, "என்ன செய்யுது?" என்று கேட்டார்.

"குளிச்சா அரிக்குது" என்றார் இவர். அவ்வளவுதான். டாக்டர் சொன்னதைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன், என் காலை மிதித்தார்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "எதுக்கு மறைச்சீங்க?"

"நாடியப் பாத்து அவரே சொல்லட்டும். நாமளே சொல்லிட்டா அவரு வித்தைய எப்படிப் பாக்க?"

மண்டிப் புத்தி! அங்கே விலை பேசும்போது கையைத் துண்டால் மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். ஒருவருக்குச் சொன்ன விலை அடுத்தவருக்குத் தெரியாது. மனுஷன் வைத்தியத்தையும் அப்படியே துண்டுக்கடியில் கொண்டுபோய்விட்டார். மாத்திரை சாப்பிடுவது வைத்தியருக்குத் தெரியாது, அவர் கொடுத்த லேகியத்தைச் சாப்பிடுவது டாக்டருக்குத் தெரியாது. சண்டை போட்டுப் பார்த்தேன். "எது கேக்குதுன்னு பாப்போம், பொறுட்டி" என்றார். காலையில் வெறும் வயிற்றில் லேகியம், கையோடு மாத்திரை.

சித்திரையில் திரும்பவும் ரத்தம் பார்த்தால், மாசியில் பத்தொன்பது இருந்த ஹீமோகுளோபின் கணக்கு பதினொன்றுக்கு இறங்கியிருந்தது! "பாத்தியா, ஒரு சொட்டு எடுக்காம எறக்கிட்டம்லா" என்று எனக்கு அல்வா வாங்கிக் கொடுத்தார். ஆனால் ஆள் வெளிறிப்போயிருந்தார், மாடிப்படி ஏறினால் இரைத்தது. கணக்கு சரியாகி ஆள் மட்டும் ஏன் இப்படி ஆகணும் என்று எனக்குப் புரியவில்லை.

டாக்டருக்கும் புரியவில்லை. "இந்த மாத்திரையில ரத்தம் கொறையாதே. வேற என்ன சாப்பிடுதீங்க?" என்று கேட்டார்.

இவர் மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தார். பொறுத்தது போதும் என்று லேகியத்தைப் பற்றி நான் போட்டு உடைத்துவிட்டேன். டாக்டர் கோபப்படுவார் என்று பார்த்தால், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "வெளிக்கு எப்படிப் போகுது அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"கருப்பா, தாரு மாதிரி. கெட்டதெல்லாம் கழியுதுன்னு விட்டுட்டேன்."

"அது கெட்டது இல்ல, ஒங்க ரத்தம். வயித்துல புண்ணாகி உள்ளயே ஒழுகுது. நான் அளந்து எடுக்கேன்னு சொன்னத நீங்க அளவில்லாம விட்டிருக்கீங்க."

அன்றைக்கே படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். லேகியத்தில் என்ன இருக்கிறது என்று டாக்டர் கேட்டதால் நான் எப்போதும்வென்றானுக்கு ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் வைத்தியர் தலையில் அடித்துக்கொண்டார். சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு பஸ் ஏறிவிட்டார்.

கட்டிலுக்கு இந்தப் பக்கம் டாக்டர், அந்தப் பக்கம் வைத்தியர். வைத்தியர் எந்த மாத்திரை என்று கேட்க, டாக்டர் லேகியத்தில் என்ன சரக்கு என்று கேட்க, நோயாளியை மறந்துவிட்டு ரெண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அரிப்புன்னாரு, அரிப்புக்குக் குடுத்தேன். அதோட ரத்தத்த இளக்குத மாத்திரையவும் சேத்து முழுங்குவாருன்னு நான் கனவா கண்டேன்?" என்றார் வைத்தியர். "ரத்தம் மிஞ்சினா எடுக்கத்தான வேணும். எங்க வைத்தியத்துலயும் அட்டைப்பூச்சி விட்டு எடுக்க வழக்கம் உண்டு. உள்ளதச் சொல்லியிருந்தா நானே ஒங்ககிட்ட அனுப்பியிருப்பேன் டாக்டரம்மா."

அவர்கள் போனதும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ரெண்டு பேரும் ஒண்ணத்தான் சொல்லுதாவ. ஒரு ஊசிக்குப் பயந்தா இம்புட்டு நாடகம்?"

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் திரும்பினார். "ஊசிக்கு இல்ல, பொன்மணி."

என்னைப் பேர் சொல்லி அவர் கூப்பிடுவதே கிடையாது.

"எங்கம்மா தம்பியப் பெத்துட்டுக் கெடந்தா. கட்டுலுக்குக் கீழ சொட்டு சொட்டா விழுந்துச்சு. சாக்க விரிச்சாவ, அதுவும் நனைஞ்சிட்டு. நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ரத்தம் வெளிய போச்சுன்னா ஆளு போயிரும்னுதான் எனக்குத் தெரியும்."

மாமியார் பிரசவத்தில் போனார்கள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் கூடப் படுத்தவளிடமும் இதை மூடியே வைத்திருந்திருக்கிறார். திட்ட வந்தவள் உட்கார்ந்து அழுதேன்.

புண் ஆறிற்று. ஆனால் ஊறுகிற ரத்தம் ஊறத்தானே செய்யும், ஐப்பசியில் கணக்கு மறுபடி ஏறிவிட்டது. "எடுத்துருவோம்" என்று அவரேதான் சொன்னார்.

நர்ஸ் அவர் கையில் ஊசியைக் குத்தியதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். இன்னொரு கையால் என் விரல்களை நொறுங்கப் பிடித்திருந்தார்.

"ஏட்டி, கீழ சொட்டுதா பாரு."

நிஜமாகவே குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். "ஒரு பொட்டுகூட இல்ல. தரை காஞ்சு கெடக்கு."

பை பாதி நிறைந்திருக்கும். "இன்னொருக்கா பாரு" என்றார்.

இன்னொருமுறை குனிந்தேன்.